மூடிய இடைவெளியில் மீப்பெரு, மீச்சிறு மதிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லி ஆர்.கே.புரத்தில், மலை மந்திருக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, நோட்டில் ஆங்கிலம் என்று வளர்கிறவர்கள். அவர்களை அழைத்துப் போக வரும் அப்பா அம்மாக்களில் பலர் கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ தமிழ் வழியில் கணக்கு படித்தவர்கள். "நாங்க இதை வேற பேர்ல படிச்சோமே" என்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்கள். பிள்ளைகள் கேட்டதும் பெரியவர்கள் கேட்டதும் கலந்துதான் கீழே இருக்கிறது.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்தில் எக்ஸ் என்று இருக்கும் மாறியை இங்கே ய என்று எழுதுகிறேன். சார்பு ச(ய), அதன் வகைக்கெழு, அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் அதன் சரிவு, ச′(ய). போனில் விசைப்பலகையை மாற்றி மாற்றி அடிக்கச் சோம்பல் என்பதுதான் உண்மையான காரணம். கொஞ்சம் கௌரவமான காரணமும் கைவசம் உண்டு: பழைய கணித மேதை பாஸ்கரர் தெரியாத எண்ணை 'யாவத் தாவத்' என்பார், எழுதும்போது அது 'யா' என்று சுருங்கிவிடும். அந்த யாவின் கால் மட்டும் இங்கே விட்டுப்போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் 'அப்ஸல்யூட் மேக்ஸிமம்' என்கிறாள். நான் படித்த 'மீப்பெரு மதிப்பு' அதுதானா?

அதுதான். அப்ஸல்யூட் மினிமம் என்பது மீச்சிறு மதிப்பு. டெரிவேட்டிவ் வகைக்கெழு, பாலினாமியல் பல்லுறுப்புக்கோவை, கிரிட்டிக்கல் பாயின்ட் மாறுநிலைப் புள்ளி. இன்டர்வல் என்பதற்கு நம் புத்தகத்தில் இடைவெளி என்று போட்டிருப்பார்கள். பேச்சில் இடைவெளி என்றால் நடுவே காலியாகக் கிடக்கும் இடம். இங்கே அப்படி இல்லை, எண்கோட்டில் வெட்டி எடுத்த ஒரு துண்டு. [0, 5] என்று சதுர அடைப்புக்குள் எழுதினால் 0, 5 இரண்டும் அந்தத் துண்டில் சேர்த்தி. அதுதான் மூடிய இடைவெளி. (0, 5) என்று வளைந்த அடைப்பு போட்டால் இரண்டு முனையும் சேர்த்தி இல்லை. அடைப்பின் வடிவம் ஏதோ அலங்காரம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்தப் பாடமே அந்த அடைப்பில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இடஞ்சார்ந்த பெருமம் வேறு, மீப்பெரு மதிப்பு வேறா?

வேறு. இதைச் சொல்லிக் கொடுக்க எனக்குக் கைகொடுப்பது கால்கா – சிம்லா ரயில். மே மாத வெயில் தாங்காமல் தில்லித் தமிழர்கள் வண்டி ஏறும் வழிகளில் அதுவும் ஒன்று என்பதால் வகுப்பில் யாராவது ஒருவர் போய்வந்திருப்பார். 1903இல் திறந்த குறுகிய பாதை, நீளம் சுமார் 96 கிலோமீட்டர். கால்கா கடல் மட்டத்திலிருந்து சுமார் 656 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறிக்கொண்டே போகும் பாதை குமார்ஹட்டி, பரோக் பக்கம் 1,500 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. அப்புறம், யாரும் எதிர்பார்க்காமல், கீழே இறங்க ஆரம்பிக்கிறது. கண்டாகாட் வரும்போது 1,400 சொச்சம்தான். திரும்பவும் ஏறி சிம்லாவில் சுமார் 2,075 மீட்டரில் போய் நிற்கிறது.

இப்போது குமார்ஹட்டிப் பக்கத்து மேட்டைப் பாருங்கள். முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் அதுதான் உசத்தி. அக்கம்பக்கத்தில் மட்டும் உசத்தி, அவ்வளவுதான். அது இடஞ்சார்ந்த பெருமம். கண்டாகாட் பள்ளம் இடஞ்சார்ந்த சிறுமம். பாதை முழுவதற்குமான மீப்பெரு உயரம் சிம்லாவில், மீச்சிறு உயரம் கால்காவில்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. மேட்டு உச்சியில் பாதை ஒரு கணம் சமமாகிறது. சிம்லாவில் அப்படி எதுவும் நடக்க வேண்டியதில்லை. அங்கே உயரம் அதிகமாக இருப்பதற்குக் காரணம் மலை முடிந்துவிட்டது என்பதல்ல. தண்டவாளம் முடிந்துவிட்டது, அதனால்தான். வகைக்கெழுவைப் பூச்சியமாக்கி மட்டும் தேடுகிறவர் குமார்ஹட்டியோடு இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவார்.

சரி, கணக்காக எப்படிப் போடுவது?

ஒரு கணக்கை முழுசாகப் போட்டுவிடலாம். ச(ய) = ய³ − 6ய² + 9ய + 2, இடைவெளி [0, 5].

வகைக்கெழு எடுங்கள்:

ச′(ய) = 3ய² − 12ய + 9 = 3(ய − 1)(ய − 3)

இது பூச்சியமாகும் இடங்கள், அதாவது மாறுநிலைப் புள்ளிகள், 1, 3. இரண்டும் இடைவெளிக்குள் இருக்கின்றன. முனைகள் 0, 5. ஆக நம் கையில் நாலே நாலு எண்கள். நாலையும் ச(ய)இல் போட வேண்டும்:

ச(0) = 2
ச(1) = 1 − 6 + 9 + 2 = 6
ச(3) = 27 − 54 + 27 + 2 = 2
ச(5) = 125 − 150 + 45 + 2 = 22

பெரியது 22, அது ய = 5இல். சிறியது 2, அது ய = 0, ய = 3 இரண்டிலும். முடிந்தது. படம் வரைய வேண்டாம், இரண்டாம் வகைக்கெழு வேண்டாம். நாலு எண்ணில் எது பெரிசு, எது சிறிசு என்று பார்க்கிற வேலைதான். காய்கறிக்கடையில் தினம் செய்வது.

ச′(ய)இல் போட்டுப் பார்த்தால் எல்லாம் பூச்சியமாக வருகிறதே?

வரத்தான் செய்யும். பூச்சியம் வரும் என்றுதானே அந்த எண்களையே தேர்ந்தெடுத்தோம்! கிடைத்த எண்களைத் திரும்ப வகைக்கெழுவிலேயே போடுவது வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது செய்யும் பிசகு. வகைக்கெழு எங்கே தேட வேண்டும் என்று விலாசம் மட்டும் சொல்லும். அந்த வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பழைய ச(ய)தான் சொல்லும். நோட்டில் ச′(ய) வேலை முடிந்ததும் அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே ச(ய)ஐ மறுபடி ஒருமுறை எழுதிவிட்டு ஆரம்பிக்கச் சொல்கிறேன். இந்தச் சின்னப் பழக்கத்துக்கு அப்புறம் அந்தப் பிசகு குறைந்திருக்கிறது.

இந்தச் சில புள்ளிகளை மட்டும் பார்த்தால் போதும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நடுவில் எத்தனையோ எண்கள் இருக்கின்றனவே?

இதைக் கேட்கிற பிள்ளைக்கு ஒரு டம்ளர் ரோஸ்மில்க் எக்ஸ்ட்ரா. நல்ல கேள்வி. இதற்கு இரண்டு அடுக்காகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில், இடைவெளியின் உள்ளே, முனையில் இல்லாமல், ஏதோ ஒரு புள்ளியில் மீப்பெரு மதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே சரிவு நேர்மமாக இருந்தால் வலது பக்கம் ஒரு துளி நகர்ந்தாலே மதிப்பு கூடிவிடும். அப்படிக் கூடினால் முதலில் நின்ற இடம் எப்படி மீப்பெரியது? சரிவு எதிர்மமாக இருந்தால் இடது பக்கம் நகர்ந்தால் கூடும். அதுவும் ஆகாது. மிச்சம் இருப்பது ஒன்றே: சரிவு பூச்சியம். மீச்சிறு மதிப்புக்கும் இதே வாதம்தான், திசையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். முனையில் நிற்கிறவருக்கு இந்த வாதம் பொருந்தாது, ஏனென்றால் ஒரு பக்கம் நகரவே இடம் இல்லை. ஆகவே இரண்டு முனையையும் தனியாகச் சேர்க்கிறோம். சரிவு இவ்வளவு என்றே சொல்ல முடியாத கூர்முனைப் புள்ளிகள் வேறு சார்புகளில் வரும். பல்லுறுப்புக்கோவைக்கு எல்லா இடத்திலும் வகைக்கெழு உண்டு என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

இந்த யோசனையின் வேர் பிரான்சின் துலூஸ் நகரத்துக்காரரான ஃபெர்மாவிடம் இருக்கிறது. தொழில் சட்டம், பொழுதுபோக்கு கணிதம். 1630களிலேயே, நியூட்டன் பிறப்பதற்கு முன்பே, பெருமம் சிறுமம் காண ஒரு வழி வைத்திருந்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் எளியது: ஒரு கோட்டை இரண்டாக வெட்டி, துண்டுகளின் பெருக்கல் மிகப் பெரிதாக வர வேண்டும், எங்கே வெட்டுவது? சரிபாதியில்.

இரண்டாவது அடுக்கு: மீப்பெரு மதிப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதற்கே என்ன ஆதாரம்? அடுத்த கேள்வி அதுதான்.

ஏன் 'மூடிய' இடைவெளி என்று அழுத்திச் சொல்கிறார்கள்?

திறந்துவிட்டால் விடையே இல்லாமல் போகலாம். சிம்லா ஸ்டேஷனைச் சேர்க்காமல், அதற்கு முந்தைய தண்டவாளம் மட்டும் கணக்கு என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் புள்ளியைக் காட்டினாலும் அதற்கு அப்பால் இன்னும் கொஞ்சம் உசத்தியான புள்ளி ஒன்று இருக்கும். சிம்லாவை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், ஆனால் 'இதுதான் உச்சம்' என்று ஒரு இடத்தைத் தொட முடியாது. மேலே போட்ட கணக்கையே (0, 5) என்ற திறந்த இடைவெளியில் கேட்டால் 22 என்ற மதிப்பு எங்கும் வராது. 21.9 வரும், 21.99 வரும், மீப்பெரு மதிப்பு இல்லை. மீச்சிறு மதிப்பு 2 மட்டும் ய = 3இல் தப்பித்துக்கொள்கிறது.

மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்புக்கு மீப்பெரு, மீச்சிறு இரண்டும் கட்டாயம் உண்டு என்பது ஒரு தேற்றம். பார்த்தால் 'இதற்கெல்லாம் நிரூபணமா' என்று தோன்றும். பிராகில் இருந்த பொல்சானோ 1830களில் இதை எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி அச்சேற 1930 ஆகிவிட்டது. இடையில் வயர்ஸ்ட்ராஸ் பெர்லினில் தன் விரிவுரைகளில் சொல்லிக் கொடுக்க, தேற்றம் அவர் பெயரில் நிலைத்துவிட்டது. பல்லுறுப்புக்கோவை எங்கும் அறுபடாத தொடர்ச்சி உடையது. எனவே நமக்குச் சரிபார்க்க வேண்டிய நிபந்தனை ஒன்றுதான்: அடைப்பு சதுரமா?

முழு எண்கோட்டின் மேல் என்றால் கதை வேறு. ய³ போல ஒற்றைப்படை எண்ணைப் படியாகக் கொண்ட பல்லுறுப்புக்கோவை ஒரு பக்கம் மேலே போய்க்கொண்டே இருக்கும், மறுபக்கம் கீழே போய்க்கொண்டே இருக்கும். இரண்டு மதிப்பும் கிடையாது.

இடைவெளியை மாற்றினால் விடை மாறுமா?

தாராளமாக. பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது என்பது என் பிடிவாதம். அதே ய³ − 6ய² + 9ய + 2. இப்போது [0, 4]. முனையில் ச(4) = 64 − 96 + 36 + 2 = 6. மாறுநிலைப் புள்ளிகளில் முன்பே பார்த்தது 6, 2. ச(0) = 2. நாலு புள்ளியில் இரண்டு 6, இரண்டு 2! மீப்பெரு மதிப்பு 6, ஆனால் அது ய = 1, ய = 4 என்று இரண்டு இடத்தில். மதிப்பு ஒன்றுதான், இடங்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். "ரெண்டு விடை வந்திருக்கு ஆன்ட்டி, தப்பு பண்ணிட்டேன் போல" என்று சரியாகப் போட்ட கணக்கை அடித்துவிட்டவள் ஒருத்தி உண்டு.

அடுத்து [2, 5]. இப்போது ய = 1 இடைவெளிக்கு வெளியே. அதைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட வேண்டும். ச(2) = 8 − 24 + 18 + 2 = 4, ச(3) = 2, ச(5) = 22. விடை 22, 2.

இதைச் [3.5, 3.8] என்று சுருக்கினால் உள்ளே மாறுநிலைப் புள்ளியே இல்லை. சார்பு அந்தத் துண்டு முழுக்க ஏறிக்கொண்டே போகிறது. முனைகளில் மட்டும் பார்த்தால் போதும், இடது முனை சிறியது, வலது முனை பெரியது.

வெளியே இருக்கும் புள்ளியைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? சில சமயம் ஒன்றும் ஆகாது, தவறு மறைந்துவிடும். [2, 5]இல் ய = 1ஐச் சேர்த்தாலும் 6 வரும், அது நடுவில் மாட்டிக்கொள்ளும், விடை மாறாது. அதுதான் ஆபத்து. இன்னொரு நாள் [2, 4] என்று கேட்பார்கள், 'ய = 1இலும் 6' என்று எழுதுவீர்கள், மதிப்பெண் போய்விடும்.

இரண்டாம் வகைக்கெழுச் சோதனை செய்ய வேண்டாமா?

மூடிய இடைவெளிக் கணக்கில் வேண்டாம். செய்தால் பாவம் இல்லை, ஆனால் நேரம் வீண். ஒரு புள்ளியில் இரண்டாம் வகைக்கெழு (வகைக்கெழுவின் வகைக்கெழு) எதிர்மம் என்றால் அங்கே இடஞ்சார்ந்த பெருமம் என்று மட்டுமே தெரியும். குமார்ஹட்டி மேடு என்று தெரிந்துகொண்டு என்ன செய்ய? சிம்லாவோடு ஒப்பிட வேண்டாமா?

போன வருடம் ஒரு கோச்சிங் சென்டரிலிருந்து பாதியில் வந்து சேர்ந்த பையன் எந்தக் கணக்கு கொடுத்தாலும் 'டபுள் டெரிவேட்டிவ்' எடுத்துவிடுவான். கேட்டால், "அங்க அப்படித்தான் ஷார்ட்கட் சொன்னாங்க." மேலே உள்ள [0, 5] கணக்கில் அவன் விடை மீப்பெரு 6, மீச்சிறு 2. ஐந்தில் 22 இருப்பதை அவன் பார்க்கவே இல்லை, ஏனென்றால் முனைகளுக்கு அந்த ஷார்ட்கட்டில் இடமே இல்லை. அந்தப் பழக்கத்தை விடுவிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

வகைக்கெழு பூச்சியமாகியும் பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை என்று வருமா?

வரும். ச(ய) = ய³ − 6ய² + 12ய − 5, இடைவெளி [0, 3]. ச′(ய) = 3(ய − 2)². ய = 2இல் பூச்சியம். மதிப்புகள்: ச(0) = −5, ச(2) = 3, ச(3) = 4. ஏறி வந்த பாதை 2இல் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பவும் ஏறுகிறது. நம் முறைக்கு இதைப் பற்றிக் கவலையே இல்லை. ய = 2 பட்டியலில் இருந்தது, போட்டியில் தோற்றது, அவ்வளவுதான்.

மாறுநிலைப் புள்ளி வர்க்கமூலத்தோடு வந்தால்? முப்படியில் போட்டுப் பெருக்கவே அரைமணி ஆகிறதே?

இதற்கு ஒரு கைவேலை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ச(ய) = ய³ − 3ய² − 3ய + 4, இடைவெளி [−1, 4] என்று எடுப்போம்.

ச′(ய) = 3ய² − 6ய − 3. பூச்சியமாக்கினால் ய² − 2ய − 1 = 0, அதாவது ய = 1 + √2 அல்லது 1 − √2. தோராயமாக 2.414, −0.414. இரண்டும் உள்ளேதான்.

இந்த 1 + √2ஐ எடுத்துக்கொண்டு போய் முப்படி எடுக்க உட்காராதீர்கள். அந்தப் புள்ளிகளில் ய² = 2ய + 1 என்று நமக்கே தெரியும். அதை வைத்து மேல்படிகளை எல்லாம் கீழே இறக்கிவிடலாம்:

ய³ = ய × ய² = 2ய² + ய = 2(2ய + 1) + ய = 5ய + 2

இப்போது ச(ய)இல் போடுங்கள்:

ச(ய) = (5ய + 2) − 3(2ய + 1) − 3ய + 4 = −4ய + 3

முப்படி போயே போச்சு, ஒருபடிதான் மிச்சம். ய = 1 + √2 என்றால் −1 − 4√2, சுமார் −6.66. ய = 1 − √2 என்றால் −1 + 4√2, சுமார் 4.66. முனைகளில் ச(−1) = −1 − 3 + 3 + 4 = 3, ச(4) = 64 − 48 − 12 + 4 = 8. (முனைகளில் −4ய + 3ஐப் பயன்படுத்தக் கூடாது! அது மாறுநிலைப் புள்ளிகளுக்கு மட்டும் செல்லும்.)

மீப்பெரு மதிப்பு 8, ய = 4இல். மீச்சிறு மதிப்பு −1 − 4√2, ய = 1 + √2இல். நீள்வகுத்தல் தெரிந்தவர்கள் ச(ய)ஐ ய² − 2ய − 1ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி −4ய + 3 என்று வரும். எல்லாம் ஒன்றுதான். தேர்வில் கால்குலேட்டர் அனுமதி இல்லை என்பதால் √2 = 1.414, √3 = 1.732 இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும், எது பெரிசு என்று ஒப்பிட அது போதும்.

மதிப்பு போடும்போதே தப்பாகிறது. என்ன செய்ய?

பெரும்பாலும் குறைக்குறியில்தான். ச(ய) = 3ய⁴ − 4ய³ − 12ய² + 5, இடைவெளி [−2, 3] போட்டுப் பார்க்கலாம். ச′(ய) = 12ய(ய − 2)(ய + 1), ஆக −1, 0, 2. முனைகளோடு சேர்த்து ஐந்து எண்கள்.

ச(−2)இல் நிதானம் தேவை. 3 × 16 = 48. அடுத்து −4 × (−8) = +32; இங்கேதான் கை வழுக்கி −32 என்று எழுதும். அப்புறம் −12 × 4 = −48. கூட்டினால் 48 + 32 − 48 + 5 = 37. மற்றவை: ச(−1) = 0, ச(0) = 5, ச(2) = −27, ச(3) = 32. மீப்பெரு 37, மீச்சிறு −27.

−32 என்று எழுதியிருந்தால் ச(−2) = −27 ஆகியிருக்கும். மீப்பெரு மதிப்பு 32 என்று முழுக்க நம்பிக்கையோடு எழுதிவிட்டு வந்திருப்பீர்கள். மீச்சிறு −27 இரண்டு இடத்தில் வருகிறது என்றுகூடத் தோன்றியிருக்கும், சந்தேகமே வராது. எதிர்ம எண்ணை எப்போதும் அடைப்புக்குள் போட்டு எழுதுங்கள். இன்னொரு சோதனை: ஐந்து மதிப்புகளையும் இடமிருந்து வலமாக வரிசையில் வையுங்கள். 37, 0, 5, −27, 32: இறங்கு, ஏறு, இறங்கு, ஏறு. ச′(ய)இன் காரணிகள் எல்லாம் ஒருமுறை மட்டும் வந்திருந்தால் ஏற்ற இறக்கம் இப்படி மாறி மாறித்தான் வர வேண்டும். −27, 0, 5, −27, 32 என்று வந்தால் முதல் இரண்டு படியும் ஏற்றம். எங்கோ இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

படி ஐந்து, ஆறு என்று போனால்?

முறை மாறாது, வகைக்கெழுவின் மூலங்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினமாகும். படி ஆறு என்றால் வகைக்கெழு ஐந்தாம் படி. ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு இருபடிக்கு இருப்பதுபோல் மூலக்குறிகளால் (வர்க்கமூலம், கனமூலம் போன்றவை) ஆன பொதுச் சூத்திரம் இருக்க முடியாது என்று 1824இல் நார்வேக் கணிதர் ஏபெல் நிரூபித்துவிட்டார். நிஜ வேலையில் கணினி தோராயமாக மூலங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். பள்ளிக் கணக்கில் காரணிப்படுத்த வருகிற மாதிரிதான் கொடுப்பார்கள். எப்படியும், படி ப என்றால், மாறிலியாக இல்லாத பல்லுறுப்புக்கோவையில் பார்க்க வேண்டிய புள்ளிகள் முனைகளோடு சேர்த்து ப + 1ஐத் தாண்டாது.

சி.பி.எஸ்.இ. தேர்வில் எப்படி எழுதினால் மதிப்பெண் முழுசாகக் கிடைக்கும்?

எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்ணில் கால்குலஸ் அலகுக்கு மட்டும் 35. இந்தக் கணக்கு அதில் சின்னப் பங்குதான், ஆனால் விட்டுவிடக் கூடாத பங்கு. சார்பு பல்லுறுப்புக்கோவை, ஆகவே தொடர்ச்சியானது என்று ஒரு வரி. வகைக்கெழு, காரணிகள், எந்தப் புள்ளி உள்ளே, எந்தப் புள்ளி வெளியே என்று ஒரு வரி. எல்லா மதிப்புகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக. கடைசியில் மதிப்பும் இடமும் இரண்டும் சேர்த்து ஒரு வாக்கியம். 'மீப்பெரு மதிப்பு 5' என்று இடத்தை மதிப்பாக எழுதிவிடும் அவசரம் மட்டும் வேண்டாம்.

இதெல்லாம் எதற்குப் பயன்படும்?

இதைக் கேட்டவர் ஒரு பையனின் பாட்டி. அவருக்குச் சொன்ன பதிலையே எழுதுகிறேன், நவராத்திரிச் சமயம் என்பதால் உதாரணம் கையிலேயே இருந்தது.

கொலுவுக்கு வருகிறவர்களுக்கு லட்டு வைத்துக் கொடுக்கப் பெட்டி செய்ய, சாவ்ரி பஜாரில் கெட்டி அட்டை வாங்கி வந்திருந்தோம். 24 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய தாள்கள். நாலு மூலையிலும் ய சென்டிமீட்டர் சதுரத்தை வெட்டி எறிந்துவிட்டு ஓரங்களை மடித்தால் மேலே திறந்த பெட்டி. கொள்ளளவு ய(24 − 2ய)². ய எவ்வளவு இருக்கலாம்? 0 முதல் 12 வரை. ய = 0 என்றால் மடிப்பே இல்லாத தட்டை அட்டை. ய = 12 என்றால் அட்டை முழுக்கக் குப்பையில். இரண்டும் பெட்டியே இல்லை, ஆனாலும் சேர்த்துக்கொள்கிறோம். சேர்த்தால்தான் இடைவெளி மூடும், மூடினால்தான் உத்தரவாதம்.

வகைக்கெழு (24 − 2ய)(24 − 6ய). பூச்சியமாகும் இடங்கள் 4, 12. முனைகளில் கொள்ளளவு 0. ய = 4இல் 4 × 16 × 16 = 1,024 கன சென்டிமீட்டர். பக்கத்தின் ஆறில் ஒரு பங்கை வெட்ட வேண்டும் என்று ஆகிறது. எந்த அளவுச் சதுர அட்டைக்கும் இதே ஆறில் ஒன்றுதான்.

பையன் உற்சாகமாக நாலு சென்டிமீட்டரில் பத்துப் பெட்டி மடித்துவிட்டான். பாட்டி பிடித்த லட்டு பாட்டி கை அளவு. ஐந்து சென்டிமீட்டர் ஆழமாவது இல்லாமல் மேல்மூடி உட்காரவில்லை. சரி, கணக்கை மறுபடி போடு என்றேன். இடைவெளி இப்போது [5, 12]. மாறுநிலைப் புள்ளி 4 வெளியே போய்விட்டது. 12 வலது முனையாகவே இருக்கிறது, அங்கே 0. இடது முனையில் 5 × 14 × 14 = 980. உள்ளே வேறு புள்ளி இல்லை. மீப்பெரு கொள்ளளவு 980, ய = 5இல், வகைக்கெழு பூச்சியமே ஆகாத ஒரு முனையில்.

44 கன சென்டிமீட்டர் நஷ்டம். மூடி மூடியது.